குவியல் இருந்த இடம்

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த வயதில் இரண்டாம் தடவையாக ஒருவரோடு வாழத் தொடங்கிய கதையைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பட வேண்டிய வெட்கத்தையெல்லாம் போன மே மாதம், ஒரே மத்தியானத்தில், என் அண்ணன் குடும்பம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது பட்டு முடித்துவிட்டேன். இனிமேல் எனக்கென்ன.

ஹசிந்தோ கீழ்ப்பள்ளத்தாக்குக்காரர். மக்காச்சோளம் விளைகிற ஊர். எங்கள் ஊர் அதற்கு மேலே, அரை நாள் நடை; இங்கே உருளைக்கிழங்கைத் தவிர எதுவும் நம்பி விளையாது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவர்கள் சோளத்தோடு வருவார்கள், நாங்கள் கிழங்கோடு இறங்குவோம். காசு நடமாடாது, கைக்குக் கைதான். நான் ஒரு கூறு கிழங்கு வைத்தால் அவர் ஒரு கூறு சோளம் வைப்பார். வைத்துவிட்டு மேலே ஒரு கை கொசுறும் போடுவார். எனக்கு முதலில் அது மனுஷனுக்குக் கணக்கு வராததால் நடக்கிறது என்றுதான் தோன்றியது. நல்லதாப் போச்சு என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அண்ணி அசுந்தாதான் ஒருநாள் திரும்பி வரும் வழியில், அந்த ஆள் தனக்கு ஒரு மணிகூட அதிகம் போட்டதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள். மூச்சு வாங்குகிற ஏற்றத்தில் அதைச் சொன்னாள். எனக்கு மூச்சு வாங்கியது ஏற்றத்தால் மட்டுமில்லை.

அடுத்த வாரத்திலிருந்து நானும் கொசுறு போட ஆரம்பித்தேன். நல்ல மாவுக் கிழங்காகப் பொறுக்கி வைத்திருந்து போட்டேன். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. இடையிடையே பேச்சும் சேர்ந்துகொண்டது. அவர் மனைவி இறந்து நாலு வருஷம். நிலத்தை இரண்டு மகன்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு மூத்தவன் வீட்டில் இருந்தார். மருமகளைப் பற்றிக் குறையே சொல்லமாட்டார். நேரத்துக்குச் சோறு வந்துவிடும் என்பார். அதற்கு மேல் அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்காது. எனக்குப் புருஷன் போய் ஒன்பது வருஷம். பிள்ளைகள் இல்லை. மேலேயே வந்துவிடட்டுமா என்று அவர் பேச்சை எடுத்தபோது, எங்கள் ஊர் குளிரில் ஒரு சோளச்செடிகூட எழும்பாது, அங்கே வந்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அங்க நீங்க வளந்திருக்கீங்கல்ல" என்றார்.

இப்படிப் பேசுகிற மனுஷனை என்ன செய்வது. ஆகஸ்ட் மாதம் ஒரு தோள்பையும், ஒரு போன்சோப் போர்வையும், மூன்று மூட்டைச் சோளமுமாக மேலே ஏறி வந்துவிட்டார்.

என் அண்ணன் மெல்ச்சோருக்கு அறுபது வயது. எங்கள் வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். நாங்களும் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கிறோம். எங்கள் வழக்கப்படி ஒரு ஆணும் பெண்ணும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்து பார்ப்பார்கள். அந்த வருஷம் ஆண்பிள்ளை பெண் வீட்டு நிலத்தில் விதைக்க வேண்டும். அறுவடை நாளில் அந்த வயலிலேயே மண்கட்டியால் அடுப்புக் கூட்டி, முதல் கிழங்கைச் சுட்டுப் பெண்ணின் அண்ணனுக்குத் தர வேண்டும். அவன் அதைப் பிட்டுத் தின்றுவிட்டுச் சரி என்றால் ஆண் இருப்பான். இல்லையென்றால் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இதெல்லாம் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு, எங்களுக்கு எதற்கு என்று அண்ணனிடம் சண்டை போட்டேன். வயசுக்கு ஒரு வழக்கம் கிடையாது என்று அவன் கோகா இலையை மென்றுகொண்டே சொல்லிவிட்டான்.

உண்மையில் எனக்கு அண்ணனின் 'இல்லை'யைப் பற்றிக் கவலையில்லை. அவன் சொன்னால் நான் கேட்டுவிடுவேனா என்ன. பயமெல்லாம் ஹசிந்தோவை நினைத்துத்தான். வந்த அன்றைக்கே, தோள்பையைச் சுவரில் மாட்டும்போது, அவர் எனக்கு ஒன்று சொல்லியிருந்தார்.

"சபினா, கைக்கு வேல இருக்குறவரைக்கும் நான் இங்க இருப்பேன். திங்கிற வாய் மட்டுந்தான் நான்னு ஆயிட்டா, யாரும் சொல்ல வேணாம், நானே எறங்கிருவேன். அப்புறம் கூப்புட்டாலும் வரமாட்டேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அந்தப் பையை மாட்டிய விதத்திலேயே தெரிந்தது. எட்டுகிற உயரத்தில்தான் மாட்டினார்.

எங்கள் ஊரில் உருளைக்கு ஒரே ஒரு சத்துரு. கூன்வண்டு. சோளமணியைவிடச் சின்னது, மண் நிறம், மண்ணில் கிடந்தால் மண்தான். இலையைக் கடிப்பதோடு நின்றால் பரவாயில்லை. செடியின் அடியில் முட்டை வைத்துவிடும். புழு பொரிந்து மண்ணுக்குள் இறங்கிக் கிழங்கைக் குடைந்துகொண்டு உள்ளேயே குடியிருக்கும். வெளியே பார்த்தால் கிழங்கு கல்யாணப் பெண் மாதிரி இருக்கும். வெட்டினால் கறுப்புக் கறுப்பாகப் பாதை.

அக்டோபரில் வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பள்ளிக்கூடத்து முற்றத்தில் வந்து பேசினாள். நான் ஆடுகளோடு மேலே இருந்தேன், போகவில்லை. ஹசிந்தோ போனார். திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்து, யாரோ அவருக்கு ஒரு மாடு கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"அதுக்கு இறக்கை கெடையாதாம் சபினா. நடந்தே வருதாம்" என்றார்.

நடந்து வருவதுதான், அதில் என்ன என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த விஷயத்துக்கு ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்படுவதைப் பார்த்து எரிச்சலும் சிரிப்பும் வந்தது.

"என்னவா? எங்க ஊருல சோளத்துப் பூச்சி வானத்துலேர்ந்து வரும். நாப்பது வருஷம் அண்ணாந்து பாத்துத் திட்டியிருக்கேன். வானத்துக்கு வேலி போட முடியுமா? இது நடந்து வருது. நடந்து வர்றவன வாசல்லயே நிறுத்திரலாம்ல."

வயலைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு பிளாஸ்டிக் தாளைக் கட்டி, அடியை மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டும். வண்டு வழுக்கி விழும், ஏறி வர முடியாது. அந்தப் பெண் சொன்னது அவ்வளவுதான். கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தாள்: போன வருஷம் உருளை போட்ட நிலத்தில் வேலி கட்டாதீர்கள், அங்கே மண்ணுக்குள்ளேயே வண்டு இருக்கும். ஹசிந்தோ தன் சோளத்தில் இரண்டு மூட்டையைக் கொடுத்து நீல நிறத்தில் ஒரு சுருள் பிளாஸ்டிக் வாங்கி வந்தார். வந்ததும் எந்த நிலத்தில் போடலாம் என்று என்னைக் கேட்டார்.

இங்கேதான் நான் செய்த காரியம் வருகிறது. எனக்கு ஓடைக்கு அப்பால் ஒரு துண்டு நிலம் இருந்தது. ஐந்து வருஷம் சும்மா கிடந்த நிலம், நல்ல கறுப்பு மண். அதைத்தான் நான் காட்டியிருக்க வேண்டும். ஆனால் அது மேட்டுக்கு மறைவில் இருக்கிறது, வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. அடுப்படிக் கதவருகே உட்கார்ந்து கிழங்கு உரித்தால் அந்த வயல் முழுதும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். ஒன்பது வருஷம் அந்தக் கதவருகே உட்கார்ந்து வெறும் மண்ணையும் ஆட்டையும் பார்த்தவள் நான். அங்கே ஒரு மனுஷன் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. வேறு ஒரு காரணமும் கிடையாது.

"இங்க போடுங்க" என்றேன்.

அவர் நின்று, போன வருஷம் இதில் உருளை போட்டாயா என்று சரியான கேள்வியைத்தான் கேட்டார். பார்லிதான் போட்டேன் என்றேன். பொய்யில்லை. பார்லிதான் போட்டிருந்தேன்.

நான்கு நாள் வேலி கட்டினார். முளை அடித்தார், பள்ளம் தோண்டினார், தாளை இழுத்து இழுத்துக் கட்டினார். அந்த நான்கு நாளும் நான் உரித்த கிழங்கை ஒரு கல்யாணத்துக்குப் போட்டிருக்கலாம். ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தான்.

"என்ன சோளக்காரரே, கெழங்குக்கு வீடு கட்டுறீரா? கூர எப்ப?"

"மழக்காலம் முடியட்டும்னு இருக்கேன்" என்றார் ஹசிந்தோ, குனிந்த தலை நிமிராமல்.

அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் போகும்போது தாளை ஒரு தடவை விரலால் தட்டிப் பார்த்தான்.

விதைத்தோம். கால்கலப்பையை அவர் மிதித்தார், நான் கிழங்கைப் போட்டேன். முதல் மழை வந்தது, செடி எழும்பியது. டிசம்பரில் ஒருநாள் காலையில் வேலியைத் தாண்டி உள்ளே போன நான் இலைகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். ஓரத்தில் அரைவட்டம் அரைவட்டமாகக் கடி. ஒரு மண்கட்டியைப் புரட்டினேன். அடியில் நான்கு பேர்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பார்லியை அறுத்த பிறகு, அந்த வருஷம் மே மாதம், அண்ணன் வயலுக்குப் பக்கத்து வயலில் விளைந்த என் கிழங்கையெல்லாம் சுமந்து வந்து இங்கேதான் குவித்திருந்தேன். தனி ஆள், முதுகு விட்டுப்போயிருந்தது. கல்தரைக்குக் கொண்டுபோகத் தெம்பில்லாமல் பார்லி அறுத்த தாளடி மேலேயே கொட்டி, வைக்கோலைப் போட்டு மூடி, மூன்று வாரம் அப்படியே விட்டுவிட்டேன். குவியலில் கிடக்கும் கிழங்கிலிருந்து புழு வெளியே வந்து கீழே மண்ணுக்குள் ஒரு சாண் இறங்கிப் படுத்துக்கொள்ளும். அடுத்த மழைக்கு வண்டாகி எழுந்து வரும். குவியல் இருந்த இடத்தில் கிழங்கு போடாதே என்பது எங்கள் ஊரில் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் தெரியும். சோளக்காரருக்குத் தெரியாது. சோளத்தில் அப்படியொன்று கிடையாது. எனக்குத் தெரியும். கதவருகே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற நினைப்பில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிருந்தது.

திருடனை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திப் பூட்டும் போட்டிருந்தோம். வண்டுகளுக்கு வெளியே போக நினைத்தாலும் வழியில்லை, தாள் வழுக்கும்.

அன்று சாயங்காலம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வார்த்தையெல்லாம் கோத்து வைத்திருந்தேன். அவர் ஒரு தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். உள்ளே ஆறு வண்டு. வேலிக்கு வெளிப்புறத்தில் பிடித்தாராம்.

"உங்க அண்ணன் வயல்லேர்ந்து வந்திருக்காங்க. ஏறப் பாத்து, கீழ விழுந்து, திரும்ப ஏறப் பாக்குறாங்க. பாவமா இருந்துச்சு, கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னேன்" என்றார்.

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இன்னொரு கரண்டி சூப் ஊற்றவா என்று கேட்டேன்.

அதன் பிறகு நான் திருடியானேன். விடிந்ததும் அவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு மேலே போவார். அவர் தலை மறைந்ததும் நான் வேலிக்குள் இறங்கி, கட்டி கட்டியாகப் புரட்டி, வண்டைப் பொறுக்குவேன். கோழிகளையும் உள்ளே விட்டேன். அவை நன்றாகத்தான் தின்றன. ஆனால் ஒருநாள் அவர் சீக்கிரம் திரும்பி வந்து, செடியைக் கிளறுகின்றன என்று கோழிகளை ஊர் எல்லைவரை துரத்திவிட்டார். இன்னொரு நாள் என்னையே பிடித்துவிட்டார். செடிகளுக்கு நடுவே குத்துக்காலிட்டிருந்தவளைப் பார்த்து என்ன செய்கிறாய் என்றார். களை எடுக்கிறேன் என்றேன். என்னைக் கூப்பிடக் கூடாதா என்று பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து களை எடுக்க ஆரம்பித்துவிட்டார். கையில் இருந்ததைப் பாவாடை மடிப்புக்குள் போட்டுக்கொண்டேன். பதினோரு கூன்வண்டு தொடையில் ஊர, அவர் சின்ன வயதில் ஆற்றில் விழுந்த கதையைச் சொல்ல, மத்தியானம் வரைக்கும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல கதைதான்.

எவ்வளவு பொறுக்கினாலும் தீரவில்லை. சொல்லவும் முடியவில்லை. ஒவ்வொரு வாரம் தள்ளிப்போடும்போதும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. பிப்ரவரியில் செடி பூத்தது. ஊதாப் பூவும் வெள்ளைப் பூவுமாக நீல வேலிக்குள் நிறைந்து நின்றதைப் பார்த்து ஊர்க்காரர்களின் பேச்சு மாறியது. வாரா வாரம் டப்பாவில் நாலைந்து வண்டு சேர்த்து அவர் காட்டுவார். அவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். மூன்று வீட்டுக்காரர்கள் அடுத்த வருஷம் தங்களுக்கும் வேலி கட்டித் தரும்படி கேட்டார்கள். கட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, அன்று இரண்டு தட்டுச் சாப்பிட்டார். எனக்குத்தான் இறங்கவில்லை.

மே மாதம் வந்தது. அறுவடை நாளன்று அண்ணன், அசுந்தா, அவர்கள் பிள்ளைகள், பேரன் பேத்திகள் எல்லாரும் வந்து வயலில் உட்கார்ந்தார்கள். சிச்சா என்கிற சோளக்கள் குடத்தைத் திறந்து, குடிப்பதற்கு முன் பூமித்தாய்க்கு ஒரு வாய் மண்ணில் ஊற்றினோம். ஹசிந்தோ மண்கட்டிகளைக் குடைபோல அடுக்கி அடுப்புக் கூட்டினார். அடுக்கக் கற்றுக்கொள்வதற்கு ஒரு வாரமாக ஓடைக்கரையில் யாருக்கும் தெரியாமல் பழகியிருக்கிறார் என்று அவர் நகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். கட்டிகள் சிவந்ததும் கிழங்கை உள்ளே போட்டு, அடுப்பை மேலே இடித்துத் தள்ளி மூடினார். ஒரு மணி நேரம் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோண்டி எடுத்ததில் பெரிதாக ஒரு கிழங்கைத் துடைத்து, இரண்டு கையாலும் அண்ணனிடம் நீட்டினார் ஹசிந்தோ. அண்ணன் பிட்டான்.

உள்ளே கறுப்புப் பாதை. பாதையின் முடிவில் வெந்த புழு.

அண்ணன் இன்னொன்றை எடுத்துப் பிட்டான். அதுவும் அப்படித்தான். மூன்றாவது நன்றாக இருந்தது. நான்காவது மறுபடியும் புழு. ஹசிந்தோ எழுந்து தொப்பியைக் கழற்றினார். தொப்பிக்குக் கீழே அவர் நெற்றி வெள்ளையாக இருந்தது, அது எப்போதும் எனக்குப் பாவமாக இருக்கும்.

"மெல்ச்சோர், நான் சோளக்காரன். எனக்குத் தெரியாத வேலையில கைய வச்சேன். உங்க அப்பா நெலத்தக் கெடுத்துட்டேன். என்னை மன்னிக்கணும்" என்றார்.

அவர் கண் வீட்டுப்பக்கம் போயிற்று, உள்ளே பை மாட்டியிருக்கும் சுவர்ப்பக்கம். நான் எழுந்துவிட்டேன்.

"அண்ணே, அவரு கெடுக்கல. நான்தான். போன வருஷம் குவியல் இங்கதான் இருந்துச்சு."

அசுந்தா வாயில் கைவைத்தாள். அண்ணன் என்னை அண்ணாந்து பார்த்தான்.

"இங்கயா? குவியல் இருந்த எடத்துல வேலி போடச் சொன்னியா? அறிவு இருக்கா ஒனக்கு? ஓடைக்கு அந்தப் பக்கம் நெலம் சும்மாத்தான கெடந்துச்சு?"

"அங்க போட்டா கதவுலேர்ந்து தெரியாது."

"என்னது தெரியாது?"

எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேத்தி முறையாகிற மூன்று வயதுக் குழந்தைகூட.

"அவரு" என்றேன். "அவரு வேல செய்யறத ஒக்காந்து பாக்கணும்னு இருந்துச்சு. அதான் இங்க காட்டுனேன். குவியல் இருந்தத மறந்துட்டேன். டிசம்பர்ல ஞாபகம் வந்துச்சு. வந்தும் சொல்லல."

எங்கேயோ ஒரு சிரிப்புத் தொடங்கி, அசுந்தா முழங்கையால் இடித்ததில் நின்றது. நான் ஹசிந்தோவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு, வேலியைத் தாண்டி, வீட்டைப் பார்த்து நடந்தார்.

அண்ணன் புழு இருந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தோண்டி எறிந்துவிட்டு, மீதியை வாயில் போட்டான். வருஷா வருஷம் தன் கிழங்கிலும் பாதி இப்படித்தான் என்றான். புழு தின்ற மிச்சத்தைத் தின்றுதான் அறுபது வருஷம் வாழ்ந்திருக்கிறானாம். இதற்கெல்லாம் தொப்பியைக் கழற்றுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறானாம். "மாப்பிள்ளையக் கூட்டிட்டு வா, போ" என்றான். அண்ணனின் சரி இவ்வளவு சுலபமாக வந்தது. எனக்கு அது அப்போது காதில் ஏறக்கூட இல்லை. ஓடினேன்.

உள்ளே அவர் பையைச் சுவரிலிருந்து எடுத்துக் கட்டில்மேல் வைத்திருந்தார். இன்னும் எதையும் உள்ளே போடவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அஞ்சு மாசம்" என்றார். "டப்பாவுல ஆறு வண்டப் போட்டுக்கிட்டு ஊரெல்லாம் காட்டுனேன். நீ பாத்துக்கிட்டு இருந்த."

"ஆமா."

"உள்ளுக்குள்ள சிரிச்சியா?"

"ஒருநாளும் சிரிக்கல. காலைல காலைல போயி வண்டு பொறுக்குனேன். உங்களுக்குத் தெரியாம."

"அந்தக் களையெடுப்பு?"

"களை இல்ல."

அவர் திரும்பினார். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது, குறையவில்லை. மூன்று வீட்டுக்காரர்களுக்கும் நான் என்ன பதில் சொல்வது, என்னை ஒரு கோமாளியாக ஆக்கிவிட்டாயே என்றார். அவர் சொன்னதெல்லாம் நியாயம். வேலி சரியாகத்தான் கட்டியிருந்தீர்கள், வெளியிலிருந்து ஒன்றுகூட உள்ளே வரவில்லை, தப்பான இடத்தைக் காட்டியது நான், காட்டிவிட்டு மறைத்ததும் நான் என்றேன். மூன்று வீட்டுக்கும் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. இதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

பிறகு, வேறு யாரைப் பற்றியோ விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"எங்கிட்ட என்ன இருக்குன்னு ஒக்காந்து பாத்த?"

"முளை அடிக்கும்போது நாக்க வெளிய நீட்டிக்குவீங்க" என்றேன். "குனிஞ்சு எந்திரிக்கும்போது எடது கையத்தான் இடுப்புல வைப்பீங்க. ஒரு வரிச முடிஞ்சா திரும்பி நின்னு அத ஒரு தடவ பாப்பீங்க. யாரோ நல்லாருக்குன்னு சொன்ன மாதிரி தலைய ஆட்டிக்குவீங்க. மூணாவது நாளு தண்ணி குடிக்க மறந்துட்டீங்க. கொண்டாந்து குடுத்தேன்ல."

"நீ தண்ணியெடுக்கத்தான் அந்தப் பக்கம் வந்தேன்னு நெனச்சேன்."

"இல்ல."

அவர் கட்டிலில், பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார்.

"மகன் வீட்டுல நாலு வருஷம் இருந்தேன்" என்றார். "நான் எந்திரிச்சுப் போனா அந்த எடம் காலியா இருக்குன்னு யாருக்கும் தெரியாது. சோத்துத் தட்டு மட்டும் நேரத்துக்கு வரும். நான் ஒரு நாள் பூரா வெளிய நின்னு பாத்தேன் சபினா. இருட்டுற வரைக்கும். தேடுறாங்களான்னு."

தேடினார்களா என்று நான் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கையெல்லாம் அடுப்பு மண். எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

"இனிமே எதுனாலும் எங்கிட்ட சொல்லிரு" என்றார். "எனக்கு சங்கடமா இருக்கும்னு மறைக்காத. சங்கடமா இருந்தா இருந்துட்டுப் போறேன்."

சொல்கிறேன் என்றேன்.

வெளியே அண்ணன் கத்தினான். கிழங்கு ஆறுகிறதாம், புழு இல்லாததையெல்லாம் பிள்ளைகள் தின்று தீர்த்துவிட்டார்களாம், கடைசியில் எங்களுக்குப் புழுதான் மிஞ்சுமாம். ஹசிந்தோ எழுந்திருக்கப் பார்த்தார். நான் கையை விடவில்லை. கொஞ்சம் ஆறினால் ஆறட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.